மரகதவனத்துப் புல்தரை மூச்சுவிட்ட கதை

ஏகாம்பரம் செத்த ஒன்பதாம் நாள் காலையில் மரகதவனம் குடியிருப்பின் நடுவிலிருந்த புல்தரை மூச்சுவிடத் தொடங்கியது. முதலில் அதை உணர்ந்தவர் ஏ பிளாக் தரைத்தளத்துப் பூவராகன். முப்பது வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்துப் பழகிய மனிதர். தரை ஒரு விரற்கடை சரிந்திருந்தாலும் அவருக்குக் கால் சொல்லிவிடும். வழக்கம்போல வெறுங்காலோடு ஐந்தாவது சுற்று நடந்துகொண்டிருந்தவர் நின்றார், குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், "நாலு விரக்கடை ஏறுது, நாலு விரக்கடை எறங்குது" என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார், சொல்லிவிட்டு மிச்சமிருந்த மூன்று சுற்றையும் நடந்து முடித்தார். எட்டு மணிக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் பால்கனியில் நின்று பார்த்துவிட்டோம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் பச்சை, தூங்குகிறவன் மேல் கிடக்கும் போர்வையைப்போல ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. அதன்மேல் கிடந்த தினசரித்தாளும் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் கூடவே ஏறி இறங்கின. பிறகு பள்ளி வேன் வந்தது, குக்கர் விசிலடித்தது, எல்லோரும் உள்ளே போனோம்.

ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. புல்தரையின் வடமேற்கில், வாயு மூலையில், புல்லுக்கு அடியில், மண்ணுக்கு அடியில், கான்கிரீட் மூடிக்கு அடியில், எங்கள் எல்லா வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும் தொட்டி இருந்தது; அந்தத் தொட்டிக்குள்தான் ஏகாம்பரம் செத்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது. தொட்டி மோட்டாரில் துணி சிக்கி, தரைத்தளத்துக் குளியலறைகளில் கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் சுகவனம், துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், மோட்டார் பார்க்கும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். லாரி வந்து உறிஞ்சி எடுத்தால்தான் சரியாகும், லாரி வர மத்தியானம் ஆகும் என்றான் அவன். "விருந்தாளிங்க வர்ற நேரம்ப்பா, அஞ்சு நிமிஷ வேலை, கையை விட்டு எடுத்துட்டு ஏறிடு" என்றார் சுகவனம். முப்பத்தொரு வயது ஏகாம்பரம் சட்டையைக் கழற்றி மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். அக்கா அஞ்சலாட்சி எங்கள் தோட்டக்காரி. தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். இரும்பு ஏணியில் அவன் காலடி கேட்டுக்கொண்டே போய் நின்றது. "தம்பி" என்று அவள் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததை நாங்கள் நான்காவது மாடி வரைக்கும் கேட்டோம். தீயணைப்பு வண்டி வந்து அவனை மேலே எடுத்தது. மறுநாள் அவன் ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். சங்கத்தின் சுற்றறிக்கையில் மாரடைப்பு என்றிருந்தது. நாங்கள் நம்பினோம், நம்புவது வசதியாக இருந்தது.

ஆக, புல்தரை மூச்சுவிட்டது, நாங்கள் அதற்குப் பழகினோம். கட்டிடக் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து மட்டக்கருவி வைத்து இரண்டு நாள் பார்த்து, கட்டிடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தார். கூர்முனைச் செருப்பு அணிந்து புல்லில் நடக்க வேண்டாம், பீதியடைய வேண்டாம் என்று சங்கம் அறிவிப்பு ஒட்டியது. பந்து போடும் நேரம் தரை ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பந்தில் அவுட் கிடையாது என்று பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் புது விதி செய்துகொண்டார்கள். யோகா வகுப்பு நடத்துகிறவர் எண்ணிச் சொல்வதை விட்டுவிட்டு, தரை ஏறும்போது இழுங்கள், இறங்கும்போது விடுங்கள் என்றார். தூங்காத கைக்குழந்தைகளை அம்மாக்கள் கொண்டுவந்து துணி விரித்துப் போட்டார்கள், இரண்டு நிமிஷத்தில் அவை தூங்கின. பி பிளாக் கல்யாண வரவேற்பில் நாற்காலிகளெல்லாம் தோணிபோல ஏறி இறங்க, படம் எடுக்க வந்தவர் "மூச்சு எறங்கட்டும் சார், ஒரு செகண்ட்" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு லிஃப்ட் காட்டினோம், நீச்சல்குளம் காட்டினோம், புல்தரை காட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் வந்தார்கள், வாசலில் ஐஸ்கிரீம் வண்டி வந்து நின்றது, யாரோ வாயு மூலையில் கற்பூரம் ஏற்ற, சங்கம் அதைத் தடுத்தது. டி பிளாக் டாக்டர் பெனிட்டா, நெஞ்சு நோய் மருத்துவர், ஒருநாள் காலையில் ஸ்டெதாஸ்கோப்போடு இறங்கி வந்து மண்டியிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நிமிஷத்துக்குப் பதினாலு" என்றார். பிறகு செருப்பைப் புல்லிலேயே விட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

சுகவனம் மட்டும் புல்லில் கால் வைக்கவில்லை. ஓரத்து ஓடு பதித்த பாதையில், சுவரை ஒட்டியே நடந்து போனார், வந்தார்.

அஞ்சலாட்சி மூன்று நாள்தான் விடுப்பு எடுத்தாள். நாலாம் நாள் வந்து வேலையை எடுத்துக்கொண்டாள். தரை மூச்சுவிடத் தொடங்கிய பிறகு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். மத்தியானச் சோற்றை வாயு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், முன்பும் அங்கேதான் அக்காவும் தம்பியும் சாப்பிடுவார்கள். அவள் அழுது நாங்கள் பார்க்கவில்லை. மூச்சு குறைகிறது என்பதை முதலில் கண்டதும் அவள்தான்.

மார்கழியில் நாலு விரற்கடை இரண்டானது, இரண்டு ஒன்றானது. நிமிஷத்துக்கு இருபத்தெட்டு என்று எண்ணினார் டாக்டர். வாயு மூலையில் காதை வைத்தால் காலி இளநீரை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். புல் அங்கங்கே மஞ்சளடித்து, பிறகு வைக்கோல் நிறமாகியது. புல் போட்டுக்கொடுத்த காண்டிராக்டரைச் சுகவனம் வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு, யூரியாவை இரட்டிக்க வேண்டும், களைக்கொல்லி அடிக்க வேண்டும், தண்ணீர் தெளிப்பானைத் தினம் மூன்று வேளை ஓடவிட வேண்டும், இன்னும் ஒட்ட வெட்ட வேண்டும் என்றார். மறுநாள் முதுகில் மருந்து டப்பாவோடு ஒரு ஆள் வந்தபோது அஞ்சலாட்சி அவன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அடிக்கக் கூடாது."

சுகவனம் ஓரத்துப் பாதையிலிருந்து கத்தினார். "தோட்டக்காரி சொல்லி காண்டிராக்டர் கேக்கணுமா? நகரும்மா."

"நான் வேர் அளந்தவ சார்" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, இங்கே வருவதற்கு முன்னால் அவள் எட்டு வருஷம் ஒரு புல் ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தாள் என்று. அங்கே பாத்தி பாத்தியாகப் புல் வளர்த்து, ஒரு பாத்தியை ஒட்ட வெட்டி, ஒரு பாத்தியை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, ஒரு பாத்தியை மூன்று அங்குலம் விட்டு வெட்டி, மாதத்துக்கு ஒருமுறை இரும்புக் குழாயை அடித்து இறக்கி மண்ணை வேரோடு உருவி, தண்ணீரில் அலசி, கறுப்புத் துணியில் கிடத்தி அளவுகோல் வைத்து வேர் அளப்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள், அளந்த கை அவளுடையது. எத்தனை ஆயிரம் வேர் அளந்திருப்பாளோ அவளுக்கே தெரியாது.

அவள் ஒரு துண்டுக் குழாயைக் கொண்டுவந்து, மூச்சு இறங்கிய சமயம் பார்த்து, சுத்தியலால் இரண்டு அடி அடித்து, திருகி உருவி, அந்த மண்ணைச் சுகவனத்தின் காலடியில் ஓட்டின்மேல் வைத்தாள். மேலே சருகும் செத்த புல்லும் மெத்தைபோல ஒட்டிக் கிடந்தது, அதன்கீழே இரண்டு விரல் நீளத்துக்குப் பழுத்த வேர், அதன்கீழே செங்கல்போல இறுகிய களிமண். ஒரு மண்புழுகூட இல்லை.

"பாருங்க சார். வாராவாரம் ஒட்ட மழிச்சோம். இலையில்லாத புல்லு எதை வச்சு வேர் விடும்? மூணு அங்குலம் விட்டு வெட்டுனா வேர் ஒரு சாண் போவும், நானே அளந்திருக்கேன். காலைல பத்து நிமிஷம், சாயந்தரம் பத்து நிமிஷம்னு தண்ணி தெளிச்சோம், தண்ணி மேலயே நிக்குது, வேரும் மேலயே நிக்குது. மருந்தடிச்சு புழுவெல்லாம் செத்துச்சு. அதுக்கு மேல ஞாயித்துக்கிழமைக்கு ஐந்நூறு பேரு மிதிக்கிறாங்க. இதுல எங்க சார் காத்து போவும்?"

சுகவனம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவராகன் சொன்னார், "சித்திரை வரைக்கும் அவ கையில விடுங்க சார். என்ன குறைஞ்சிடப் போகுது."

மருந்துக்காரன் திரும்பிப் போனான்.

தை பிறந்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள், நாங்கள் பால்கனியில் நின்று பார்த்தோம். புல்தரை முழுவதும் சாணுக்கு ஒன்றாக அந்தக் குழாயை இறக்கி உருவினாள். மூச்சு இறங்கும்போது அடித்து, ஏறும்போது உருவி, இறங்கும்போது அடித்து, ஏறும்போது உருவி, பதினெட்டு நாள் அதையே செய்தாள், எடுத்த மண்ணை அங்கேயே உதிர்த்துவிட்டாள். மாட்டுச்சாணமும் இலைதழையும் சேர்த்து மக்கவைத்த எருவைச் சலித்து, அரை விரல் கனத்துக்குத் தூவி, தென்னந்துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளினாள். வெட்டும் இயந்திரத்தின் கத்தியைச் சாணை பிடித்தாள், மொக்கைக் கத்தி புல்லைக் கிழிக்கும், கிழிந்த நுனியில் நோய் ஏறும் என்றாள். வெட்டினாலும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டவில்லை, வெட்டிய தூளை வாரவில்லை, அது அங்கேயே மக்கிப் புல்லுக்குச் சோறாகும் என்றாள். ஐந்து நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில் ஒரு சாண் ஆழம் நனைகிறவரைக்கும் தண்ணீர் கட்டினாள், சாயங்காலம் கட்டினால் இலை ஈரத்தோடு கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் என்றாள். சொட்டை விழுந்த இடங்களில் அருகு நட்டாள். தரையோடு படரும் சிறுபுள்ளடிச் செடியை நாங்கள் களை என்று பிடுங்கப்போக, "விடுங்க, அது காத்துலேருந்து சத்து எடுத்து மண்ணுக்குக் குடுக்குற செடி" என்று கையைத் தட்டிவிட்டாள்.

நாங்கள் முணுமுணுத்தோம். சாணி வாடை என்றோம், பாம்பு வரும் என்றோம், பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்றோம். அவள் நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டாள். "நெஞ்சு மேல யாராவது ஏறி நிப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மாசியில் புழு வந்தது. புழுவைத் தின்ன மைனா வந்தது. பங்குனி வெயிலில் பக்கத்துக் குடியிருப்புகளின் புல்லெல்லாம் கருகியபோது எங்கள் புல் கரும்பச்சையாக நின்றது, மூச்சு நாலு விரற்கடையைத் தாண்டி, ஒரு சாணைத் தாண்டி, முழங்கால் உயரத்துக்கு ஏறியது. கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே கேட்டது, நீண்டு இழுத்து, நீண்டு விடும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே சமைத்தோம், அதைக் கேட்டுக்கொண்டே சண்டை போட்டோம். டாக்டர் பெனிட்டா மறுபடி வந்து எண்ணி, பதினாலு என்றார். அந்தப் பத்து நாள் அஞ்சலாட்சி சிரித்துப் பார்த்தோம்.

பிறகு நாற்றம் வந்தது.

மூச்சு ஆழமாக ஆக, அது விடும் காற்றும் ஆழத்திலிருந்து வந்தது. முட்டை அழுகினதுபோலத் தொடங்கி, தொண்டையைப் பிடித்து, கண்ணைக் கரிக்கும் நாற்றம். நிமிஷத்துக்குப் பதினாலு முறை ஏ பிளாக்கிலிருந்து எஃப் பிளாக் வரைக்கும் எல்லா ஜன்னலுக்குள்ளும் வந்து போனது. துணி காயப்போட முடியவில்லை, சோறு இறங்கவில்லை. நாங்கள் ஊதுபத்தி ஏற்றினோம், ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டினோம். தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், லாரி வந்து மூன்று தடவை உறிஞ்சிக் காலியாக்கிக் கழுவியும்விட்டது. காலித் தொட்டிக்கு மேலேயும் அதே நாற்றம் வந்தது. மூச்சுவிட்டபோது சகித்துக்கொண்டவர்கள் நாற்றத்தைச் சகிக்கவில்லை. சித்திரை இரண்டாம் ஞாயிறு பொதுக்குழு கூடி, புல்லைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் தளம் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் புல் விரிப்பது என்று முடிவெடுத்தோம். கை தூக்கச் சொன்னார்கள். தூக்காதவர்கள் பதினோரு பேர்.

அஞ்சலாட்சியிடம் அதைச் சொன்னோம். மறுநாள் மத்தியானம் அவள் தம்பி பெண்டாட்டி பவுனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் பவுனு இந்த வாசலுக்குள் வந்ததில்லை, வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாளாம். ஒல்லியான பெண், முள்ளங்கி கட்டுகளைச் சந்தையில் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள், கூடையை வாசல் காவலரிடம் விட்டுவிட்டு வந்தாள். நாற்றத்துக்குப் பயந்து மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் நின்று நாங்கள் பார்த்தோம். வாயு மூலைக்குப் போனதும் அவள் எதுவும் கேட்காமல் புல்லில் ஒருக்களித்துப் படுத்தாள், ஒரு கையை நீட்டித் தரைமேல் போட்டாள். தரை அவளைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது, இறக்கியது. அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பவுனு எழுந்தாள்.

"இது அவருதான் அண்ணி."

"ஆமா பவுனு. மூச்சு எறங்கிப் போயிருந்திச்சு. நான்தான் பாத்துப் பாத்துக் கொண்டாந்தேன். இப்ப இவங்க சிமெண்டு போடப் போறாங்க."

"என்னா நாத்தம் அண்ணி இது."

"அது மண்ணுல..."

"மண்ணு இல்ல அண்ணி." பவுனு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவர் தலைமுடியில இருந்துச்சே, அது. ஏழு மாசமா அவரு வெளிய வரல. உள்ளயே நின்னு அதையே இழுத்துக்கிட்டு இருக்காரு. நீங்க மண்ணை இளக்கிவிட்டீங்க, எரு போட்டீங்க, தண்ணி காட்டுனீங்க, அவரு இன்னும் நல்லா இழுக்குறாரு. எதை இழுக்குறாருன்னு பாத்தீங்களா?"

அஞ்சலாட்சி தன் இரண்டு உள்ளங்கையாலும் தரையை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். ஏழு மாசமாக அழாதவள் அன்று அழுத அழுகையில் காவலர்கள் வாசலை விட்டு ஓடிவந்தார்கள்.

"சிமெண்டு போட்டா நின்னுடுமா?" என்று கேட்டாள் அழுகைக்கு நடுவில்.

"மூடி போட்டுக் கொல்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு தடவை செத்தது போதாதா?" என்றாள் பவுனு. "வெளிய எடுத்துக் குடுங்க அண்ணி. வெளிக்காத்துல விடட்டும்."

சனிக்கிழமை காலை அஞ்சலாட்சி சுகவனத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். புல்தரைப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் அவர் எப்போதோ பலகை வைத்து அடைத்துவிட்டிருந்தார், பகலிலும் விளக்கு எரிந்தது.

"திங்கக்கெழமை பெயர்த்து எறியத்தான போறீங்க சார். அந்த மூலைப் புல்லை மட்டும் நான் எடுத்துக்குறேன்."

"எடுத்துக்கோ" என்றார் சுகவனம். அவள் திரும்பினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அஞ்சலாட்சி, அவன் என்மேல கோவமா இருக்கானா?"

"கோவப்படுறதுக்கு அவனுக்கு மூச்சு எங்க சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஓரத்தைத் தீட்டிய தட்டை மண்வெட்டியால் அவள் அந்த மூலைப் புல்லை முழத்துக்கு முழம் சதுரமாகக் கீறினாள். ஒரு சாண் வேரும் மண்ணும் சேர்ந்து வர, பாளம் பாளமாகப் பெயர்த்தாள். முதல் கீறல் விழுந்ததும் புல்தரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசிப் பாளத்தைத் தூக்கும்வரை விடவே இல்லை. அப்போது, சணல் சாக்கில் வரிசையாகக் கிடந்த நாற்பத்தெட்டுப் பாளங்களும் ஒன்றாக ஒரு மூச்சு விட்டன. கீழே மீந்திருந்த புல்லெல்லாம் அசையாமல் வெறும் தரையாகக் கிடந்தது. பாளங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஈரச்சாக்கு போர்த்திக் கொண்டுபோனார்கள். சாக்கு வழி நெடுக ஏறி இறங்கியதாக ஓட்டிப்போனவர் பிறகு சொன்னார். சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் ஆட்டுக்குட்டியா என்று கேட்டார்களாம்.

ஊர்க்கோடியில், ஏரிக்கரைக்குக் கீழே அவர்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய இடுகாடு. ஏகாம்பரத்தைப் புதைத்த மேட்டையும் அதைச் சுற்றியிருந்த தரையையும் பவுனும் அஞ்சலாட்சியுமாக ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி இளக்கி, எரு கலந்து, சமன் செய்து நனைத்து வைத்திருந்தார்கள். நாற்பத்தெட்டுப் பாளங்களையும் செங்கல் அடுக்குவதுபோல ஒன்றின் இணைப்புக்கு நேரே இன்னொன்றின் இணைப்பு வராமல், இடைவெளியில்லாமல் பதித்து, காலால் மிதிக்காமல் பலகை போட்டு அழுத்தி, வேர் பிடிக்கத் தண்ணீர் விட்டார்கள். முதல் இரண்டு நாள் நாற்றம் ஏரிக்கரை வரைக்கும் அடித்தது. தெருவில் யாரும் ஜன்னலை மூடவில்லை. பெண்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் கொட்டகை போட்டார்கள், ஒருத்தர் பறையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்துவிட்டு, நேரம் வரும்போது அடிக்கிறேன் என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மூச்சு பன்னிரண்டானது. நாலாம் நாள் ஒன்பது. நாற்றம் மெல்ல மெல்லக் குறைந்து, சேற்று வாடையாகி, நனைந்த மண் வாடையாகி, ஆறாம் நாள் வெறும் புல் வாடையாகியது.

ஏழாம் நாள் மரகதவனத்திலிருந்து நாங்கள் ஏழு பேர் போனோம். ராப்பகலாக வேலை நடந்து, அதற்குள் எங்களுக்குப் பிளாஸ்டிக் புல் விரித்தாகிவிட்டது, வெயிலில் அது கொதித்தது, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம், வீட்டுக்குள் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எங்களைத் தூங்கவிடவில்லை. ஏன் போனோம் என்றால் அதற்குமேல் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. பூவராகன் வண்டி ஓட்டினார். டாக்டர் பெனிட்டா பின்னிருக்கையில் மடியில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார்.

நாங்கள் போனபோது காலை பத்து மணி இருக்கும். மேட்டைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். புல் ஏறுவதே தெரியவில்லை. ஒரு எறும்புச் சாரி அதன்மேல் கலையாமல் போனது. யாரும் எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் போய் மண்டியிட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒன்று என்றார். வெகுநேரம் கழித்து, ஒன்று என்றார். பவுனு புல்லில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். ஏரியிலிருந்து காற்று வந்தது, மேட்டிலிருந்த புல் முழுக்க அந்தக் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அதற்குப் பிறகு டாக்டர் ஒன்று என்று சொல்லவில்லை. காதிலிருந்து கருவியை எடுத்தார்.

"போயிட்டாரு" என்றார். எழுந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவரை மேல எடுத்தப்ப நான் பார்த்தேன். மூக்குல வாயில அந்தக் கழிவு இருந்துச்சு, உடம்பு நீலமா இருந்துச்சு. மாரடைப்புன்னு சீட்டு எழுதிக் குடுத்தது நான்தான். போலீசு, கேஸுன்னு வந்தா எல்லாருக்கும் சிரமம்னு சொன்னாங்க, எழுதிட்டேன். அவரு விஷவாயுல மூச்சுத் திணறிச் செத்தாரு. அவரை உள்ள இறங்க வச்சாங்க. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

பறைக்காரர் எழுந்து உட்கார்ந்தார், அடிக்கவில்லை, பவுனைப் பார்த்தார். பவுனு எழுந்து டாக்டரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தோம், அடிப்பாள் என்று நினைத்தோம், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம். அவள் டாக்டரைத் தாண்டி எங்களிடம் வந்தாள்.

"நீங்கல்லாம் அங்க இருக்கறவங்களா?"

ஆமாம் என்றோம்.

"அவரு துணியை எடுத்துட்டாராமா? அடைப்பு போயிடுச்சா?"

பூவராகன்தான் சொன்னார். "எடுத்துட்டாரும்மா. அவரை மேல கொண்டாரதுக்கு முன்னாடியே எங்க வீட்ல தண்ணி எறங்கிடுச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பிப் பறைக்காரருக்குக் கை காட்டினாள். பறை எழுந்தது, அதோடு ஏழு மாசம் அடைத்துக் கிடந்த ஒப்பாரியும் எழுந்தது, ஐம்பது அறுபது பேரும் ஒன்றாக மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் அஞ்சலாட்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சுற்றி வந்தாள். எங்களிடம் வந்ததும் நின்றாள்.

"தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "இப்பதான் வேர் பிடிக்குது. மிதிச்சா இறுகிடும்."

குனிந்து பார்த்தோம். ஏழு பேருமே புல்லின்மேல் நின்றிருந்தோம்.